கடை வாசலும் கைத்தொலைபேசித் திரையும்

சாறிக்குப் பொருத்தமாகச் சட்டைத்துணி எடுக்கப் போகும் பெண்கள் கடைக்குள் எரியும் மின்விளக்கை நம்புவதில்லை. இரண்டு துணிகளையும் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துப் பார்த்த பின்னர்தான் காசைக் கொடுப்பார்கள். கடையில் நிற்கும் தம்பிமாருக்கு இது பெரிய தலையிடி. "அக்கா, உள்ளுக்க பார்த்தாலும் வெளியில பார்த்தாலும் இதே கலர்தான்" என்பார்கள். அக்காமார் அசைய மாட்டார்கள்.

இந்த விடயத்தில் விஞ்ஞானம் அக்காமாரின் பக்கமே நிற்கின்றது. இரண்டு துணிகள் வெவ்வேறு சாயங்களில் தோய்க்கப்பட்டிருந்தால், ஒரு விளக்கின் கீழ் அவை அச்சொட்டாக ஒரே நிறமாகத் தெரியும். வேறொரு வெளிச்சத்தில் ஒன்று கொஞ்சம் பச்சை கலந்ததாகவும் மற்றது நீலம் கலந்ததாகவும் பிரிந்து நிற்கும். பகல் வெளிச்சத்தில் எல்லா நிறங்களின் ஒளியும் ஏறக்குறைய நிறைவாக இருக்கின்றன. கடை விளக்குகள் பலவற்றில் சில நிறங்கள் குறைவு. வாசலுக்குப் போவதென்பது நம் தாய்மார் பள்ளிக்கூடம் போகாமலே கண்டுபிடித்த பரிசோதனை.

இன்று கடையே கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. அதற்கு வாசல் இல்லை. வாங்குகின்ற பெண்ணும் திரையை நம்புகிறாள், தைத்தும் நெய்தும் விற்கின்ற பெண்ணும் திரையை நம்புகிறாள். பொருள் கைக்கு வந்ததும் "காட்டின கலர் வேறு, அனுப்பின கலர் வேறு" என்று சண்டை வருகின்றது. ஆகவே இம்முறை இந்தப் பக்கத்தில் திரையில் நிறம் எப்படி வருகின்றது, நம் கண் அதை எப்படி எடுத்துக்கொள்கின்றது என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைத்தேன். சமூகவியல் படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கக்கூடும். யார் மீது பழி விழுகின்றது என்று பார்த்தால் அந்தக் கேள்விக்கு இடமிருக்காது.

முதலில் மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அரைத்த மஞ்சளின் மீது வெளிச்சம் விழுகின்றது. மஞ்சள் அதிலுள்ள நீல ஒளியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றது. அதை நாம் மஞ்சள் நிறம் என்கிறோம். அதாவது துணியோ மஞ்சளோ பூவோ, தானாக ஒளி தருவதில்லை. வருகின்ற ஒளியில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் தருகின்றது. வெளிச்சம் மாறினால் மீதியும் மாறும்.

கைத்தொலைபேசித் திரை அப்படியல்ல. அது தானே ஒளி தருகின்றது. அதுவும் மூன்றே மூன்று ஒளிகள்: சிவப்பு, பச்சை, நீலம். நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். போனில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு, விரல் நுனியால் ஒரு சின்னஞ்சிறு நீர்த்துளியைத் திரையில் வையுங்கள். துளி வில்லைபோல வேலை செய்யும். உள்ளே வெள்ளை இருக்காது. சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். (பிறகு மறக்காமல் துடைத்துவிடுங்கள். போன் பழுதானால் என்னிடம் வரவேண்டாம்.) ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் 256 படிகளில் கூட்டிக் குறைக்க முடியும். மூன்றையும் சேர்த்துப் பெருக்கிப் பார்த்தால் ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட கலவைகள் வரும்.

அப்படியானால் திரையில் தெரிகின்ற மஞ்சள் எங்கிருந்து வந்தது? அங்கே மஞ்சள் ஒளி தரும் புள்ளி ஒன்றுகூட இல்லை. சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிகின்றன. மஞ்சள் நம் கண்ணுக்கும் மூளைக்கும் இடையில் உருவாகின்றது. கண்ணின் பின்புறத்தில், விழித்திரையில், கூம்புக் கலங்கள் என்று சுமார் 60 இலட்சம் கலங்கள் உள்ளன. அவை மூன்று வகை. ஒரு வகை நீண்ட அலைநீள ஒளிக்கும், ஒரு வகை நடுத்தர ஒளிக்கும், இன்னொரு வகை குறுகிய நீல ஒளிக்கும் கூடுதலாகப் பதில் சொல்கின்றன. மூன்று வகையும் எவ்வளவு தூண்டப்பட்டன என்ற கணக்கு மட்டும்தான் மூளைக்குப் போகின்றது. உண்மையான மஞ்சள் ஒளி முதலிரண்டு வகைகளை எந்த அளவுக்குத் தூண்டுமோ, அதே அளவுக்குச் சிவப்பையும் பச்சையையும் கலந்து தூண்டிவிட்டால் மூளைக்கு வித்தியாசம் தெரியாது. திரை செய்கின்ற வித்தை இவ்வளவுதான். இந்த மூன்று வகை என்ற கருத்தை இங்கிலாந்தைச் சேர்ந்த தோமஸ் யங் என்ற வைத்தியர் 1802இலேயே சொல்லிவிட்டார். கலங்களைக் கண்ணால் காணாமலே ஊகித்துச் சொன்னார்.

நமக்கெல்லாம் பிடித்த ரோஸ் நிறத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. வானவில்லில் அதைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. சிவப்பும் நீலமும் ஒன்றாகக் கண்ணில் விழுந்து, நடுவிலுள்ள பச்சை இல்லாதபோது, மூளை தானாக ஒரு நிறத்தைப் போட்டு நிரப்பிக்கொள்கின்றது.

மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் கூம்புக் கலங்களுக்கு வேலை குறைந்துவிடும். அப்போது கோல் கலங்கள் என்ற வேறு கலங்கள் பொறுப்பெடுக்கும். அவற்றுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது. கருக்கலில் துணி தெரிவு செய்யக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று ஒளி வித்தையை முதன்முதலாகச் சபையில் செய்து காட்டியவர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல். 1861ஆம் ஆண்டு இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூசனில் அது நடந்தது. அவர் படமெடுக்கத் தெரிவு செய்த பொருள் என்ன தெரியுமா? ஒரு துணி ரிபன். ஸ்கொட்லாந்துக்காரர் உடுத்தும் கட்டம்போட்ட துணியில் செய்தது. அதைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளுக்கூடாகத் தனித்தனியே மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுப்பித்து, அதே நிற வடிகட்டிகளுக்கூடாக மூன்று விளக்குகளால் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய்ச்சினார். ரிபனின் நிறங்கள் திரையில் தோன்றின. இன்றைய புரொஜெக்டர்களின் கொள்ளுப்பாட்டி அதுதான்.

ஆனால் அக்காலத்துப் படத்தகடுகளுக்குச் சிவப்பு ஒளி ஏறக்குறைய பதிவதேயில்லை. அப்படியிருக்கச் சிவப்பு எப்படி வந்தது? நூறு வருடங்களின் பின்னர், 1961இல், ரல்ப் எவன்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அதற்கு விடை கண்டார்கள். ரிபனிலிருந்த சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிர்களையும் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கின்றது. தகட்டில் பதிந்தது அது. சிவப்பைப் பிடித்ததாக எல்லோரும் நினைத்தார்கள், கமெரா பிடித்ததோ வேறொன்றை. உலகின் முதலாவது நிறப்படமே ஒரு துணியின் நிறத்தில்தான் இப்படித் தடுமாறியது என்றால், நம் போன்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கின்றது!

எங்கள் பகுதியில் கைத்தறி நெய்கின்ற பெண்கள் சிலர் தாமாகவே படமெடுத்துப் போன் மூலம் விற்கின்றார்கள். இடைத்தரகர் இல்லை என்பதால் கையில் நிற்கும் காசு கூடுதல். சென்ற வருடம் அவர்களில் ஒருவருக்கு வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் கலியாண வீட்டுக்கென்று ஒரே நிறத்தில் பல சாறிகளுக்குச் சொல்லி அனுப்பியது. மயில் கழுத்து நிறம். நெய்து அனுப்பினார். "படத்தில் நீலம், வந்தது பச்சை" என்று அத்தனையும் திரும்பி வந்தன. நூலும் அவருடையது, உழைப்பும் அவருடையது, போய்வந்த கூரியர் செலவும் அவருடைய தலையில். போதாக்குறைக்கு "ஏமாற்றுக்காரி" என்ற பேரும். "மிஸ், நாங்க சாயத்தில ஏமாத்தல்ல, இந்தப் போன்தான் ஏமாத்துது" என்று அவர் சொன்னபோது பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னதில் பிழையொன்றும் இல்லை.

போன் எங்கெங்கே ஏமாற்றுகின்றது என்று பார்ப்போம். முதலில் கமெரா. வீட்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளைத் துணி நம் கண்ணுக்கு வெள்ளையாகவே தெரியும். மூளை வெளிச்சத்தின் நிறத்தைக் கழித்துவிடுகின்றது. கமெராவுக்கு மூளை இல்லாததால் அது ஊகம் செய்கின்றது. படம் முழுவதும் ஒரே சிவப்புச் சாறியாக இருந்தால், வெளிச்சம்தான் சிவப்பாக இருக்கின்றதாக்கும் என்று நினைத்து நிறத்தை மறுபக்கம் இழுத்து மங்கச் செய்துவிடும். துணியை நெருங்கி நின்று படம் நிறைய எடுக்கும்போது நிறம் பிசகுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இரண்டாவது, திரையின் எல்லை. கணினிகளுக்கும் போன்களுக்கும் பொதுவாகப் பயன்படும் நிற அளவுமுறை 1996இல் வகுக்கப்பட்டது. மனிதக் கண் காணக்கூடிய நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அதற்குள் அடங்கும். விடுபட்டுப் போனவற்றில் நீலத்துக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட ஆழ்ந்த நிறங்களே கூடுதல். மயில் கழுத்து நிறம் இருப்பது அங்கேதான். திரையால் காட்ட முடியாத நிறத்தை அது பக்கத்திலுள்ள நிறமாக மாற்றிக் காட்டும். அத்தோடு பாவில் ஒரு நிறமும் ஊடையில் ஒரு நிறமும் போட்டு நெய்த துணி, பார்க்கும் கோணத்துக்கேற்ப மாறும். படத்துக்கோ ஒரே ஒரு கோணம்தான்.

மூன்றாவது, வாங்குபவரின் போன். இரவில் கண் கூசாமலிருக்க நீலத்தைக் குறைக்கும் வசதி இப்போது அநேகமான போன்களில் உண்டு. அதைப் போட்டு வைத்துவிட்டுச் சாறி பார்த்தால் எல்லாம் மஞ்சளடித்துத் தெரியும்.

நாலாவது நம் மூளையே. 2015 பெப்ரவரியில் ஒரு சட்டையின் படம் உலகம் முழுவதையும் இரண்டாகப் பிரித்தது பலருக்கு நினைவிருக்கும். ஸ்கொட்லாந்தில் ஒரு கலியாணத்துக்காக மணமகளின் தாய் எடுத்த படம். ஒரே படத்தைப் பார்த்துச் சிலர் வெள்ளையும் பொன்னிறமும் என்றார்கள். மற்றவர்கள் நீலமும் கறுப்பும் என்று சத்தியம் செய்தார்கள். உண்மையில் அது நீலமும் கறுப்பும். சட்டை நிழலில் இருக்கின்றது என்று எவருடைய மூளை எடுத்துக்கொண்டதோ, அவர் நீலத்தைக் கழித்து வெள்ளை கண்டார். மஞ்சள் விளக்கின் கீழ் இருக்கின்றது என்று எடுத்துக்கொண்டவர் நீலம் கண்டார். ஒரே வீட்டில், ஒரே திரையில், கணவனும் மனைவியும் வேறு வேறு நிறம் கண்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

ஆகவே விற்கின்ற சகோதரிகள் தம்மைக் காத்துக்கொள்ளச் சில வழக்கங்களைப் பிடித்துக்கொள்வது நல்லது. படத்தைப் பகலில், நேர் வெயிலில் அல்லாமல் விறாந்தை நிழலில் எடுங்கள். துணிக்குப் பக்கத்தில் வெள்ளைக் கடதாசி ஒன்றை வையுங்கள். கமெராவுக்கும் அது பிடிமானம், பார்ப்பவருக்கும் அது அளவுகோல். ஒரே துணியை இரண்டு மூன்று கோணங்களில் எடுங்கள். பெரிய ஓடர் என்றால் நெய்யத் தொடங்குமுன் நூலில் ஒரு சாண் வெட்டிக் கடித உறையில் வைத்து அனுப்பி, சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். தபால் செலவு பெரிதல்ல. திரும்பி வந்தால் கூரியர் செலவு யாருடையது என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். வாங்குபவர் மனம் நோகும் என்று கூச்சப்பட்டு இதை விட்டுவிடுகின்றோம். கூச்சத்துக்குப் பின்னர் நட்டத்தைச் சுமப்பது நாம்தான்.

புரொஜெக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சிப் பட்டறைகளில் இப்போது அது இல்லாமல் வேலை இல்லை. அடுத்த முறை உங்கள் கிராமத்தில் பட்டறை நடந்தால் ஒன்றைக் கவனியுங்கள். புரொஜெக்டரை நிறுத்தினால் சுவர் வெள்ளை. போட்டதும் அதே சுவரில் கறுப்பு எழுத்துத் தெரிகின்றது. புரொஜெக்டரால் கறுப்பை அனுப்ப முடியாது. கறுப்பு ஒளி என்று ஒன்று இல்லை. எழுத்து இருக்கின்ற இடத்துக்கு ஒளி போகவில்லை, அவ்வளவுதான். நீங்கள் பார்ப்பது பழைய வெள்ளைச் சுவரையே. சுற்றிவர அதைவிடப் பன்மடங்கு வெளிச்சம் இருப்பதால் கண் அதைக் கறுப்பு என்று தீர்ப்பளிக்கின்றது. யன்னலைத் திறந்ததும் படம் வெளிறிப் போவது இதனால்தான். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்திலும் பகல் வெளிச்சம் வந்து விழுந்துவிடுகின்றது. சில வகைப் புரொஜெக்டர்கள் மூன்று நிறங்களையும் ஒரே நேரத்தில் அனுப்புவதுகூட இல்லை. சுழலும் நிறச் சக்கரம் ஒன்றின் மூலம் ஒன்று மாறி ஒன்றாக, கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் அனுப்புகின்றன. அந்த ஒளிக்கு முன்னால் கையை வேகமாக ஆட்டினால் விரல்களின் ஓரத்தில் சிவப்பும் பச்சையும் நீலமும் சிதறித் தெரியும். பட்டறைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடத்தைவிட இது பிடிக்கும்.

போசணை பற்றிய ஒரு பட்டறையில், குழந்தையின் மேற்கையைச் சுற்றி அளக்கும் நாடாவைத் திரையில் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்கள். 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான நாடா அது. பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும், சிவப்பு என்றால், அதாவது 115 மில்லிமீற்றரை விடக் குறைந்தால், கடும் மந்தபோசணை. உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். தொண்டராக வந்திருந்த இளைஞர் ஒருவர் எது சிவப்பு, எது பச்சை என்று இரண்டு முறை கேட்டார். மண்டபம் சிரித்தது. மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. கேட்காமலே நாடாவைக் கொண்டு வீடு வீடாகப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கு நிறக்குருடு. மூன்று வகைக் கூம்புக் கலங்களில் ஒரு வகை இல்லாமலோ மாறுபட்டோ இருக்கின்ற நிலை. மருந்தில்லை, வலியில்லை, பார்வைக் கூர்மையும் குறைவதில்லை. அந்த நாடாவில் நிறத்தோடு எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். எண்ணைப் பார்த்து அளக்கச் சொல்லிக் கொடுத்தால் அவரும் மற்றவர்களைப் போலவே அளப்பார்.

இது அரிதான விடயமும் அல்ல. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கு இருக்கின்றது. ஆசிய நாடுகளில் சற்றுக் குறைவு, நூற்றுக்கு நான்கைந்து பேர் எனலாம். பெண்களிலோ 200 பேரில் ஒருவருக்கும் குறைவு. முதன்முதலில் இதை விரிவாக எழுதியவர் ஜோன் டோல்ற்றன், அணுக்கொள்கைக்காக நாம் பாடப்புத்தகத்தில் படித்த அதே டோல்ற்றன். 1794இல் தன்னுடைய பார்வையைப் பற்றியே எழுதினார். இறந்த பின்னர் பாதுகாத்து வைக்கப்பட்ட அவருடைய கண்ணை 1995இல் ஆராய்ந்து, பச்சைக்குரிய பரம்பரை அலகு அவருக்கு இருக்கவில்லை என்று உறுதிப்படுத்தினார்கள். 1875இல் சுவீடனில் நடந்த ரயில் விபத்தொன்றுக்குப் பிறகு, ஹொல்ம்கிறென் என்ற பேராசிரியர் ரயில்வே ஊழியர்களின் நிறப்பார்வையைப் பரிசோதிக்கத் தொடங்கினார். எதைக் கொண்டு? நிறநிறமான கம்பளி நூல் கட்டுகளைக் கொண்டு.

இது ஆண்களுக்கு ஏன் கூடுதல்? சிவப்புக்கும் பச்சைக்கும் உரிய பரம்பரை அலகுகள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளன. பெண்ணிடம் எக்ஸ் இரண்டு. ஒன்றில் குறை இருந்தாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். ஆணிடம் ஒன்றுதான், அதுவும் தாயிடமிருந்து வந்தது. தகப்பன் மகனுக்குக் கொடுப்பது வை நிறமூர்த்தம். இதைக் கேள்விப்பட்டதும் "உன்ட பக்கத்தால வந்த குறை" என்று மருமகளை நோக்கி விரல் நீட்டுகின்ற வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அவ்வீடுகளில் சொல்ல வேண்டிய மீதிக் கதை இது: அந்தத் தாய்க்கு அது பெரும்பாலும் அவளுடைய தகப்பனிடமிருந்தோ தாயிடமிருந்தோ வந்தது, அவள் அதை அறிந்திருக்கவும் இல்லை, தெரிந்தெடுக்கவும் இல்லை. நிறக்குருடான தகப்பனுக்குப் பிறக்கும் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவரும் அதே அலகைச் சுமக்கின்றார்கள். அதற்காகத் தகப்பனை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை.

பச்சைப் பலகையில் சிவப்புச் சோக்கால் எழுதினால் இத்தகைய பிள்ளைக்கு எழுத்தே தெரியாமல் போகலாம். "படிக்க மனமில்லை, பராக்குப் பார்க்கிறான்" என்று முறைப்பாடு வரும்போது, கையை ஓங்குமுன் நிறங்களைக் கேட்டுப் பாருங்கள். இலையைச் செந்நிறமாகவும் மண்ணைப் பச்சையாகவும் தீட்டுகின்ற பையன் குழப்படிக்காரனாக இருக்க வேண்டியதில்லை. வெள்ளைச் சோக்கும், நிறப் பென்சில்களில் பெயர் எழுதி ஒட்டிய சின்னத் துண்டுகளும் போதும்.

பரிசோதிப்பதற்கென்று புள்ளிகளுக்குள் இலக்கம் மறைத்த படங்களைப் பலர் போனிலேயே பார்க்கின்றார்கள். ஜப்பானிய வைத்தியர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட அந்தப் படங்கள், குறிப்பிட்ட மைகளால் கடதாசியில் அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்ப்பதற்காக ஆக்கப்பட்டவை. மூன்று ஒளிகளால் கலந்து காட்டும் திரையில் அந்த நிறங்கள் அப்படியே வரா. இல்லாத குறை இருப்பதாகவும் இருக்கும் குறை இல்லாததாகவும் காட்டிவிடும். வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் அச்சிட்ட புத்தகத்தால் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சில நிமிட வேலைதான்.